தீர்மானம் எண் நான்கு

மூன்றாவது, மோட்டார் பழுது.
நான்காவது,
வீட்டு வேலைக்கு வருவோர்
லிஃப்டில் ஏறலாமா கூடாதா.

துரைப்பாக்கம். ஒன்பது மாடி.
கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள்,
ஆறிய சமோசா, தூக்கிய கைகள்.
எண்ணியவன் நான்.
கூடாது: இருபத்து மூன்று.
ஏறட்டும்: ஒன்பது.
கருத்தில்லை: ஒன்று.
அந்த ஒன்று யாரென்று
ஒருவரும் கேட்கவில்லை.
செயலாளர் கையில் பேனா இருந்தது.
பேனா பிடித்த கையைத்
தூக்க முடியாதல்லவா.

எண்ணிக்கையில் பிழையில்லை, இருமுறை பார்த்தேன்.
ஒன்பதைவிட இருபத்து மூன்று பெரிது.
துரைப்பாக்கத்திலும் பெரிது, நிலாவிலும் பெரிது.
அவ்வளவு உறுதியாக
வேறெதையும் அன்றிரவு நான் எழுதவில்லை.

மறுநாள் காலை ஆறரை.
கண்ணகி நகரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த பவுனு
லிஃப்ட் வாசலில் நான் ஒட்டிய தாளைப் படித்தாள்,
ஒரே மூச்சில், கையெழுத்து வரை.
"நீங்க போட்டதா சார்?"
"சங்கம் போட்டதும்மா."
"சங்கம்னா யாரு சார்?"
கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல்
பையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு
படியேறினாள்.
அவள் வேலை ஏழாம் மாடியில்.

நாகபூஷணம் சார் மொட்டைமாடி நடையில் சொல்வார்:
"நல்லது கெட்டதெல்லாம் ஊர் வழக்கம் ஐயா.
இங்கே மாமன் மகளைக் கட்டினால் மேளதாளம்,
நாலு மாநிலம் தாண்டினால் முகம் சுளிப்பு.
எலுமிச்சை புளிக்கும் என்பது உண்மை.
எலுமிச்சை பிடிக்கும் என்பது நாக்கு.
உங்கள் நியாயம் நாக்கு ரகம்."
பதில் வரவில்லை எனக்கு.
வங்கியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்தேன்.
ஏழு எங்கே இருக்கிறது, காட்டு என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் இடத்தில்
யாருடையதோ ஒரு கறுப்புக் கார்.
எட்டு ஜன்னல் திறக்கக் கத்தினார்:
"அநியாயம்! இது அநியாயம்!"
என் கருத்துப்படி என்று சேர்க்கவில்லை.
இவ்வூர் வழக்கப்படி என்றும்.
எலுமிச்சை பற்றி அவருக்கு நினைவூட்ட
வாய்வரை வந்தது, விழுங்கினேன்.

வெயிலுக்கும் அந்தச் சொல்தான் நமக்கு,
தக்காளி விலைக்கும்.
போன மாதம் இறந்த ஆறாம் மாடிக்காரரை
அநியாயத்துக்கு நல்லவர் என்றோம்.
இவ்வளவு மலிவாகப் புழங்கும் ஒரு சொல்லைப்
பவுனு சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் எனக்குச் சுலபம்.
அது உன் கருத்து என்றிருப்பேன்.

லிஃப்டுக்குள் ஒரு தகடு உண்டு:
எட்டு நபர், 544 கிலோ.
அதற்கு யாரும் கை தூக்கவில்லை.
ஒன்பதாவது ஆள் கால் வைத்தால்
கீச்சென்று கத்தும், கதவு மூடாது.
சங்கத் தலைவரே ஆனாலும் இறங்க வேண்டும்.
தாளில் பசை தடவும்போது
எனக்குள் ஏதும் அப்படிக் கத்தியதா?
கத்தியதாக இப்போது தோன்றுகிறது.
இப்போது தோன்றுவது சாட்சியாகாது.

செவ்வாய்.
தனியாக மேலே போகிறேன்.
கதவின் ஒடுங்கிய கண்ணாடியில்
மாடிக்கு மாடி அரை நொடி படிக்கட்டு.
நான்காம் மாடியில் பவுனு,
படியில் அமர்ந்து
இரு கட்டை விரலாலும் முழங்காலை அழுத்துகிறாள்.
நிமிரவில்லை.
எட்டு நபர் என்றது தகடு.
நான் ஒருவன்.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்தேன்.
கருத்தில்லை: ஒன்று. அதை அடித்தேன்.
ஏறட்டும்: ஒன்பது. அதையும் அடித்து
மேலே பத்து என்று எழுதினேன்.
கையெழுத்தான குறிப்பேட்டைப் பிறகு திருத்துவது தவறு.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

இருபத்து மூன்று இன்னும் பெரிதுதான்.
ஏழாம் மாடியில் குழாய் திறக்கும் சத்தம்.
மணி பார்த்தேன், ஆறு ஐம்பத்தைந்து.
அடுத்த கூட்டத்துக்கு
இன்னும் பதினொரு வாரம்.